சுடுநீர்த் தொட்டிக்கு மாற்றுப் பம்பி: கொழும்பு வெள்ளவத்தை வீட்டில் இரண்டரை ஆண்டு அனுபவம்

அம்மாவின் முழங்கால் வலிக்காக 2019ஆம் ஆண்டில், ஹொட் டப் என்று சொல்லப்படும் சுடுநீர்த் தொட்டி ஒன்றை வாங்கி வீட்டின் பின்முற்றத்தில் வைத்தோம். அது சுமார் 1,200 லீற்றர் தண்ணீர் கொள்ளும். அதன் பம்பியை 2023 ஜனவரியில் நானே கழற்றி, வேறொன்றைப் பொருத்தினேன். அந்தப் பம்பி இரண்டரை ஆண்டுகளாக நாள்தோறும் ஓடிவருவதால், அதைப் பற்றி இப்போது பொறுப்போடு எழுதலாம் என்று நினைக்கிறேன்.

பழைய பம்பி ஒரே நாளில் நின்றுவிடவில்லை. முதலில் தண்ணீர் மோட்டர்ப் பக்கம் போகாமல் தடுக்க சுழல்தண்டைச் சுற்றியுள்ள சீல் கசியத் தொடங்கியது. நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கசிந்த தண்ணீர், சுழல்தண்டைத் தாங்கும் முன்பக்கப் பெயரிங்கினுள் இறங்கித் துருவை உண்டாக்க, சில மாதங்களில் அரைக்கும் ஓசை கேட்கத் தொடங்கியது. 2022ஆம் ஆண்டின் நீண்ட மின்வெட்டு நாட்களில் மோட்டர் மணிக்கணக்காகச் சும்மா கிடந்தபோது அந்தப் பெயரிங் முற்றாக இறுகிவிட்டது. சீல் கசிந்த வாரத்திலேயே அதை மாற்றியிருந்தால் பம்பி முழுவதையும் மாற்ற வேண்டி வந்திருக்காது.

இறக்குமதிக் கட்டுப்பாடுகள் இருந்த காலம் என்பதால் தெரிவு மிகக் குறைவாகவே இருந்தது. பழையதைப் போலவே 2 குதிரைவலு, 230 வோல்ற் என்று ஒரு கடையில் காட்டியதை வாங்கி வந்து பொருத்தினேன். நீர்த்தாரைகள் பலவீனமாக வந்தன. மோட்டரின் மேல் கை வைக்க முடியாத அளவுக்குச் சூடு ஏறியது. அரை மணி நேரத்துக்குள் அதன் வெப்பப் பாதுகாப்பு ஆளி அதை நிறுத்திவிட்டது. எங்கள் வீட்டு மின்வேலைகளைச் செய்யும் வயரிங் பாஸ் வந்து, டோர்ச் அடித்துப் பார்த்துவிட்டு, “தம்பி, குதிரைவலுவைப் பாத்து வாங்கியிருக்கிறீங்கள், ஹேர்ட்ஸைப் பாக்கேல்லையே” என்றார். ஹேர்ட்ஸ் என்பது மின்னோட்டம் ஒரு விநாடியில் எத்தனை முறை அலைந்து திரும்புகிறது என்ற அதிர்வெண்ணின் அளவு. அந்த மோட்டர் 60 ஹேர்ட்ஸுக்கானது. வட அமெரிக்க மின்சாரத்துக்காகச் செய்யப்பட்டது. இங்கே இலங்கையில் மின்சாரம் 230 வோல்ற், 50 ஹேர்ட்ஸ்.

இந்த வேறுபாட்டை விளக்கமாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் விற்பவர்களிலும் பலர் இதைக் கவனிப்பதில்லை. 60 ஹேர்ட்ஸில் நிமிடத்துக்குச் சுமார் 3,450 முறை சுழலும் மோட்டர், 50 ஹேர்ட்ஸில் 2,850 அளவிலேயே சுழலும். வேகம் ஆறில் ஐந்து பங்காகக் குறையும்போது, தள்ளப்படும் நீரின் அளவும் ஏறத்தாழ அதே விகிதத்தில் குறைகிறது. அழுத்தமோ வேகத்தின் வர்க்கத்தைப் பின்பற்றுவதால் ஏறத்தாழ 30 சதவீதம் இழக்கப்படுகிறது. அதோடு, அதே வோல்ற்றளவு குறைந்த அதிர்வெண்ணில் கிடைக்கும்போது மோட்டரின் இரும்புப் பகுதி காந்தச் செறிவடைந்து, வேலைக்குப் பயன்படாத மின்னோட்டத்தை இழுத்துச் சூடாகிறது; அதைக் குளிர்விக்க வேண்டிய விசிறியும் மெதுவாகவே சுற்றுகிறது. ஆகவே, அது பழுதான பம்பி அல்ல, நமது மின்சாரத்துக்குப் பொருந்தாத பம்பி. கடைக்காரர் அதைத் திருப்பி எடுக்க மறுத்ததால் அந்தப் பணம் நட்டமாகவே போயிற்று.

இரண்டாவதாக வாங்கிய 50 ஹேர்ட்ஸ் இருவேகப் பம்பி சீனத் தயாரிப்பு. மின்சாரம் பொருந்தினாலும் உடல் அளவுகள் பொருந்தவில்லை. மோட்டரின் உடலளவைக் குறிக்கும் சட்டக எண் பழையதில் 56, புதியதில் 48. இந்த எண்ணை 16ஆல் வகுத்தால், அடித்தளத்திலிருந்து சுழல்தண்டின் மையம் எத்தனை அங்குல உயரத்தில் இருக்கிறது என்பது கிடைக்கும்; அதாவது மூன்றரை அங்குலத்துக்குப் பதிலாக மூன்று அங்குலம். அந்த அரை அங்குலத்தைக் குழாயை வளைத்துச் சமாளித்தால், குழாயையும் பம்பியையும் கழற்றக்கூடியதாக இணைக்கும் யூனியன் ஒருபக்கமாக இழுபட்டு என்றைக்காவது கசியும். பழைய சோனகத் தெருவில் தடித்த ரப்பர்த் தகடு வாங்கி, மோட்டரின் காலடியில் வைத்து உயர்த்தினேன். அதனால் அதிர்வும் குறைந்தது. நீர் வெளியேறும் வாயும் மேல்நோக்கி இருந்தது. எனக்கு வேண்டியது பக்கவாட்டில். முன்பகுதியைப் பிடித்திருக்கும் நான்கு நீள ஆணிகளையும் தளர்த்தி, அதைக் கால் சுற்றுத் திருப்பி, உள்ளேயிருக்கும் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் நழுவவில்லை என்று பார்த்தபின், எதிரெதிர் ஆணிகளாகச் சிறிது சிறிதாக இறுக்கினேன்.

குழாய்களிலும் ஒரு பொறி உண்டு. தொட்டியில் இருப்பது அமெரிக்க 2 அங்குலக் குழாய். அதன் வெளிவிட்டம் 60.3 மில்லிமீற்றர். இங்கே கடைகளில் கிடைப்பது 63 மில்லிமீற்றர். பசை போட்டு அழுத்தினால் சேர்ந்துவிடும் என்று யார் சொன்னாலும் கேட்க வேண்டாம். நான் பழைய யூனியன் முனைகளை வெட்டாமல் அப்படியே வைத்துக்கொண்டு, ஓ-ரிங்குகளை மட்டும் மாற்றிச் சிலிக்கன் கிரீஸ் பூசினேன். பெற்றோலிய வகை கிரீஸ் அந்த ரப்பரைக் கெடுத்துவிடும். யூனியனைக் கையால் இறுக்கினாலே போதும்.

மின்னிணைப்புக்குத் தனி ஆளியை நிறுத்தி, மின்கசிவு ஏற்பட்டால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்சையும் இறக்கிய பின்பே பெட்டியைத் திறந்தேன். கப்பாசிட்டரில் மின்னேற்றம் தங்கியிருக்கும் என்பதை மறக்கக் கூடாது. இருவேக மோட்டருக்கு மெதுவேகம், மிகுவேகம், பொது, நில இணைப்பு என நான்கு கம்பிகள் உண்டு. பழையவற்றைப் படம் எடுத்துவைத்து, ஒவ்வொன்றாக மாற்றினேன். முடிவில் வயரிங் பாஸ் சோதித்துப் பார்த்த பின்பே அம்மாவைத் தொட்டியில் இறங்க விட்டேன்.

முதன்முதலாக ஓடவிட்டபோது மோட்டர் சுழன்றது, தண்ணீர் வரவில்லை. பம்பியின் தலைக்குள் காற்று சிக்கியிருந்தது. உடனே நிறுத்தி, வெளியேறும் பக்க யூனியனை அரைச்சுற்றுத் தளர்த்த, சீறலோடு காற்றுப் போய்த் தண்ணீர் துளிர்த்தது. மீண்டும் இறுக்கியதும் சரியாயிற்று. தண்ணீர் இல்லாமல் ஓடவிட்டால் சீலின் உரசிச் சுழலும் காபன் முகம் சில நிமிடங்களிலேயே எரிந்து போகும்.

மிகுவேகத்தில் 7.2 அம்பியரும் மெதுவேகத்தில் 1.9 அம்பியரும் எடுக்கிறது. வடிகட்டலை மெதுவேகத்தில் காலை இரண்டு மணி நேரம், இரவு இரண்டு மணி நேரம் என்று அமைத்திருப்பதால் மின்கட்டணம் கையைக் கடிக்கவில்லை. ஓசையும் பழையதைவிடக் குறைவு.

குறைகளையும் சொல்ல வேண்டும். கடற்காற்றில் அதன் இரும்பு ஆணிகள் எட்டு மாதத்தில் துருப்பிடித்தன. துருப்பிடிக்காத உருக்கு ஆணிகளாக மாற்றினேன். ஒருமுறை எறும்புகள் பெட்டிக்குள் கூடு கட்டி மின்னாளி ஒன்றை ஒட்டவைத்தன. பத்தொன்பதாம் மாதத்தில் சீலைச் சுற்றி வெள்ளைப் படிவு தெரிந்தது. இம்முறை தாமதிக்கவில்லை, சீலின் முகங்களை விரலால் தொடாமல், சவர்க்கார நீர் தடவிப் புதிய சீலைப் பொருத்தினேன்.

கடந்த மாதத்திலிருந்து பின்பக்கப் பெயரிங்கில் மெல்லிய இரைச்சல் ஒன்று கேட்கிறது. அடுத்த முறை தண்ணீர் மாற்றும்போது பெயரிங்குகள் இரண்டையும் மாற்றிவிடுவேன். 6203 என்ற அந்த அளவில், இருபுறமும் ரப்பர் மூடியுள்ளவற்றைப் பஞ்சிகாவத்தையில் வாங்கி வைத்துவிட்டேன்.