கருமுட்டை வெளிவர எந்த மாத்திரை: குளோமிஃபீனா, லெட்ரோசோலா?

பிசிஓஎஸ் (ஹார்மோன் சமநிலை குலைந்து சினைப்பையின் இயக்கம் தடுமாறும் நிலை) உள்ள பெண்களுக்குக் குழந்தைப்பேறு தள்ளிப்போவதற்கு முதன்மையான காரணம், மாதந்தோறும் முதிர்ந்து வெளிவர வேண்டிய கருமுட்டை வெளிவராமல் நின்றுவிடுவதுதான். அதற்குத் தரப்படும் மாத்திரைகளில் குளோமிஃபீனும் லெட்ரோசோலும் நேரடிப் போட்டியில் இருக்கின்றன. இரண்டும் மாதவிடாயின் தொடக்க நாட்களில் ஐந்து நாள் மட்டுமே உட்கொள்ளப்படுபவை. ஆனால் உடலின் ஹார்மோன் சுற்றில் அவை கைவைக்கும் இடங்கள் வேறு.

அமெரிக்காவில் 1967-இல் அனுமதி பெற்ற குளோமிஃபீன், மூளையின் ஹைப்போதலாமஸில் பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் வந்து பொருந்த வேண்டிய ஏற்பிகளை அடைத்துக்கொள்கிறது. ஈஸ்ட்ரோஜன் குறைந்துவிட்டது என்று கருதும் மூளை, பிட்யூட்டரிச் சுரப்பியின் வழியாக எஃப்எஸ்எச் ஹார்மோனைக் கூட்ட, சினைப்பையில் கருமுட்டையைச் சுமக்கும் முட்டைப்பை வளரத் தொடங்குகிறது. சிக்கல் என்னவென்றால், இம்மருந்து உடலில் வாரக்கணக்கில் தங்கி, கருப்பையின் உட்படலத்திலும் ஈஸ்ட்ரோஜனைத் தடுக்கிறது. முட்டை வெளிவந்தும், படலம் மெலிந்திருப்பதால் கரு தங்காமல் போகலாம்.

லெட்ரோசோல் மார்பகப் புற்றுநோய்க்காக உருவான மருந்து. ஆண் ஹார்மோனான ஆண்ட்ரோஜனை ஈஸ்ட்ரோஜனாக மாற்றும் அரோமட்டேஸ் நொதியைத் தடுத்து, ஈஸ்ட்ரோஜனைச் சில நாட்களுக்கு உண்மையாகவே குறைப்பதால் எஃப்எஸ்எச் உயர்கிறது. இம்மருந்தின் பாதி ஏறத்தாழ இரண்டு நாட்களில் உடலை விட்டு நீங்கிவிடும். ஏற்பிகளையும் இது தொடுவதில்லை. ஆகவே, வளரும் முட்டைப்பையிலிருந்து ஈஸ்ட்ரோஜன் பெருகியதும் மூளை எஃப்எஸ்எச்-ஐ அடக்கிவிட, பெரும்பாலும் ஒரே முட்டைதான் முதிர்கிறது, உட்படலமும் மெலிவதில்லை.

எது குழந்தையைக் கையில் தருகிறது என்பதற்கு 2014-இல் வெளியான அமெரிக்க ஆய்வு தெளிவான விடை தந்தது. பிசிஓஎஸ் உள்ள 750 பெண்களுக்கு ஐந்து சுழற்சிகள் வரை சிகிச்சை தரப்பட்டதில், லெட்ரோசோல் பெற்றவர்களில் 27.5 விழுக்காட்டினரும் குளோமிஃபீன் பெற்றவர்களில் 19.1 விழுக்காட்டினரும் குழந்தை பெற்றனர். உடல் எடை கூடியவர்களிடம் இந்த இடைவெளி இன்னும் பெரிது. பக்கவிளைவுகளில் குளோமிஃபீனுக்கு உடல் திடீரென அனலாகக் கொதிப்பதும், லெட்ரோசோலுக்குச் சோர்வும் தலைச்சுற்றலும் மிகுதி.

அப்படியிருந்தும் லெட்ரோசோல் என்றதும் அச்சம் எழுவதற்கு ஒரு வரலாறு உண்டு. 2005-இல் ஒரு மருத்துவ மாநாட்டில், இம்மருந்தால் பிறந்த குழந்தைகளுக்குப் பிறவிக் குறைபாடு கூடலாம் என்று ஓர் ஆய்வுச் சுருக்கம் வாசிக்கப்பட்டது. அது அக்குழந்தைகளை, சிகிச்சையின்றி இயல்பாகக் கருத்தரித்தவர்களின் குழந்தைகளோடு ஒப்பிட்டிருந்தது; அது சமமான ஒப்பீடு அன்று. மறு ஆண்டே, சிகிச்சை பெற்றவர்களுக்குப் பிறந்த 911 குழந்தைகளைக் கனடாவில் ஆராய்ந்தபோது, குறைபாடுகள் லெட்ரோசோலில் 2.4 விழுக்காடாகவும் குளோமிஃபீனில் 4.8 விழுக்காடாகவும் இருந்தன. இதற்குப் பின்னரும் 2011-இல் இந்திய அரசு குழந்தையின்மைச் சிகிச்சையில் லெட்ரோசோலைத் தடை செய்தது. 2017-இல்தான் அத்தடை நீங்கியது. வயது ஏற ஏற வாய்ப்புக் குறையும் பெண்களுக்கு அந்த ஆண்டுகள் திரும்பக் கிடைக்காதவை என்பது என்னை இன்றும் வருத்துகிறது.

மூன்றாவதாக, சர்க்கரை நோய் மாத்திரையான மெட்ஃபார்மினையும் பலர் கேட்கின்றனர். 626 பெண்களிடம் நடத்தி 2007-இல் வெளியிடப்பட்ட ஆய்வில், அதை மட்டும் எடுத்தவர்களில் 7.2 விழுக்காட்டினரே குழந்தை பெற்றனர். குளோமிஃபீனில் அது 22.5. மிகுந்த இன்சுலின் சினைப்பையைத் தூண்டி ஆண்ட்ரோஜனைக் கூட்டும் நிலையில், சர்க்கரை நோயின் விளிம்பில் இருப்பவர்களுக்கு அது துணை மருந்தாகப் பொருந்தும். குழந்தைக்காக அதை மட்டும் நம்பி மாதங்களைக் கடத்துவது சரியன்று.

ஆகவே முதல் தெரிவு லெட்ரோசோலே. பிசிஓஎஸ் குறித்த 2023-இன் பன்னாட்டு மருத்துவ வழிகாட்டுதலும் இதையே சொல்கிறது. அது கிடைக்காத இடத்தில் குளோமிஃபீனை நாடலாம். எதைத் தொடங்கினாலும், கணவரின் விந்துப் பரிசோதனை அதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். கருவுற்ற நிலையில் இம்மருந்துகளை உட்கொள்ளக் கூடாது என்பதால், ஒவ்வொரு சுழற்சியின் தொடக்கத்திலும் கரு இல்லை என்பதை மருத்துவரிடம் உறுதி செய்துகொள்ள வேண்டும்.