வாசலில் நின்றுபோன கட்டுச்சோறு

கிழக்குக் கடற்கரைச் சாலையில் பிள்ளைகளோடு ஒரு பகலைக் கழிக்க நினைக்கும் குடும்பத்துக்கு இன்று இருக்கும் வசதிகள் எங்கள் சிறுவயதில் இல்லை. ஈஞ்சம்பாக்கத்தில் 2019இல் திறக்கப்பட்ட வி.ஜி.பி. மரைன் கிங்டத்தில், தலைக்குமேல் மீன்கள் நீந்திப்போகும் கண்ணாடிச் சுரங்கத்தினுள் நடந்தோம். 1976இல் தொடங்கிய வடநெம்மேலி முதலைப் பண்ணைக்கும் போனோம். இரண்டு இடங்களிலும் குறை என்று சொல்ல ஒன்றுமில்லை. ஆகவே, அதே சாலையில் மூன்றாவதாகப் போன ஒரு சிறிய கேளிக்கைப் பூங்காவின் வாசலில் நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

பூங்காவுக்குப் போவதென்றால் அம்மாவுக்கு விடிவதற்கு முன்பே வேலை தொடங்கிவிடும். புளியோதரை கிளறி ஆறவைத்து, மதியத்துக்குள் புளித்துவிடாதபடி தயிர்சாதத்தில் பாலைக் கூடுதலாக ஊற்றி, உருளைக்கிழங்கு வறுவலும் மாவடுவும் தனித்தனிக் கிண்ணங்களில் வைத்து எவர்சில்வர் அடுக்குத் தூக்கில் கட்டுவார். எங்கள் சிறுவயதில் வி.ஜி.பி. தங்கக் கடற்கரைப் பூங்காவின் வாசலில் அசையாமல் நிற்கும் சிலை மனிதரைச் சிரிக்கவைக்க முயன்று தோற்றபின், சவுக்கு நிழலில் ஜமுக்காளம் விரித்து உட்கார்ந்து உண்டதும் இந்தச் சாப்பாட்டைத்தான். ஜெர்மனியின் மூனிக் நகரில் பிறந்து வளரும் என் பிள்ளைகள் அதை ஒருமுறையாவது பாட்டியின் கையால் வாங்கி உண்ண வேண்டும் என்ற ஆசை எனக்கும் இருந்தது, அவருக்கும் இருந்தது.

நுழைவுச்சீட்டுகள் வாங்கி, எல்லார் கையிலும் காகிதப் பட்டை ஒட்டிய பிறகுதான் பைகளைச் சோதித்தார்கள். தூக்கைக் கண்டதும் பாதுகாவலர், “வெளிச் சாப்பாடு உள்ள விடமாட்டாங்கம்மா” என்றார். அவர் குரலில் கடுமை இல்லை, சொல்வதற்கே சங்கடப்பட்டார். “வயசானவ தம்பி, சுகர் இருக்கு, நேரத்துக்குச் சாப்பிடணும்” என்று அம்மா சொன்னபோது தலையைக் குனிந்துகொண்டு மேலாளரைக் கைகாட்டினார். மேலாளரோ, மருத்துவர் எழுதிக் கொடுத்த சீட்டு இருந்தால் பார்க்கலாம் என்றார். இன்சுலின் ஊசியும் மருந்தும் பைக்குள்ளேயே இருந்தன. அவற்றைக் காட்டியும் பயனில்லை. தூக்கைப் பொருள்கள் வைக்கும் அறையில் கொடுத்து டோக்கன் வாங்கிக்கொள்ள வேண்டும். வெளியே வந்து உண்ணலாம், ஆனால் வெளியே வந்தவர் மறுபடி உள்ளே போக முடியாது. வாங்கிய சீட்டுக்குப் பணமும் திரும்பக் கிடைக்காது. இந்த விதிகளில் ஒன்றுகூடச் சீட்டு விற்கும் சன்னலுக்கு அருகில் எழுதப்பட்டிருக்கவில்லை.

கடைசியில் அம்மாவும் அப்பாவும் வாகன நிறுத்தத்தில் காரின் பின்கதவைத் திறந்துவைத்து, அதன் விளிம்பில் உட்கார்ந்து உண்டார்கள். பிள்ளைகள் உள்ளே ராட்டினத்தில் சுற்றிக்கொண்டிருந்தார்கள். எதற்காக இத்தனை தூரம் பறந்து வந்தோமோ அந்த ஒரு வேளைச் சாப்பாட்டை, ஒரு சுவரின் இரண்டு பக்கங்களிலும் பிரிந்திருந்து கழித்தோம் என்பது இன்னும் என் நெஞ்சை அறுக்கிறது.

குப்பை சேரும், எறும்பும் நாயும் வரும், நெகிழிப் பை குளத்தின் வடிகாலை அடைக்கும் என்று மேலாளர் சொன்ன காரணங்களை நான் தள்ளிவிடவில்லை. ஒருமுறை பயன்படுத்தி எறியும் நெகிழிப் பொருள்களுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி முதல் தடை இருக்கிறது. அந்தச் சோதனையை எத்தனை கடுமையாகச் செய்தாலும் வரவேற்பேன். ஆனால் எவர்சில்வர் தூக்கிலும் வாழையிலையிலும் நெகிழி எங்கே இருக்கிறது? உள்ளே உணவுக்கூடத்தில் ஃபிரைட் ரைஸும் நூடுல்ஸும் மெல்லிய தட்டுகளில் வந்தன. நாங்கள் பார்த்த குப்பை அத்தனையும் அந்தக் கூடத்தைச் சுற்றித்தான் கிடந்தது.

நான் வாழும் ஜெர்மனியின் பவேரியா மாநிலத்தில் இதற்கு நேர்மாறான வழக்கம் வேரூன்றியிருக்கிறது. 1812இல் அங்கே ஆண்ட மன்னர் முதலாம் மாக்ஸ் யோசப், மதுவடிப்போர் தங்கள் நிலவறைகளுக்கு மேலே பீர் விற்கலாம், ரொட்டியைத் தவிர வேறு உணவு விற்கக் கூடாது என்று ஆணையிட்டதால், மக்கள் உணவை வீட்டிலிருந்தே கட்டிக்கொண்டு போனார்கள். இன்றும் அங்குள்ள பீர்த் தோட்டங்கள் எனப்படும் திறந்தவெளி பீர்க்கடைகளில் சொந்த உணவைப் பிரித்து வைத்து உண்ணலாம். 1999ஆம் ஆண்டின் பவேரிய அரசாணை அதைப் பீர்த் தோட்டத்தின் அடையாளங்களுள் ஒன்றாகவே குறிப்பிடுகிறது. ஓபரம்மர்காவ் ஊரில் நாற்காலி லிப்ட்டில் மலையேறி, நெம்புகோலைத் தள்ளினால் விரைந்தும் இழுத்தால் தயங்கியும் இறங்கும் சறுக்குவண்டியில் இரண்டரைக் கிலோமீட்டருக்கும் மேல் வளைந்து வளைந்து வரும் நாள்களில் என் பைக்குள் என்ன இருக்கிறது என்று எவரும் கேட்டதில்லை. ஜெர்மனியின் மிகப்பெரிய கேளிக்கைப் பூங்காவான ரூஸ்ட்டின் ஐரோப்பா பூங்காவிலும் வீட்டு உணவை எடுத்துப் போகலாம். உணவகத்தில் தண்ணீருக்கும் காசு கேட்கும் நாடு அது என்பதையும் நேர்மைக்காகச் சொல்லிவிடுகிறேன்.

சட்டம் பூங்காக்காரர்கள் பக்கம் இருக்கிறது என்று ஓர் உறவினர் வாதிட்டார். 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், திரையரங்குக்குள் வெளி உணவைத் தடுக்கும் உரிமை அதன் உரிமையாளருக்கு உண்டு என்று தீர்ப்பளித்தது உண்மைதான். அதே தீர்ப்பு, நல்ல குடிநீரை விலையின்றித் தர வேண்டும் என்றும், கைக்குழந்தைக்கான உணவைப் பெற்றோர் எடுத்து வருவதைத் தடுக்கலாகாது என்றும் சொல்கிறது. திரையரங்கில் நாம் இருப்பது மூன்று மணி நேரம். காலையில் நுழைந்து மாலையில் வெளியேறும் பூங்காவில் முதியவர் ஒருவர் ஒரு வேளை உணவையும் இரண்டு வேளை மருந்தையும் கடக்க வேண்டியிருக்கிறது. கைக்குழந்தைக்குக் காட்டும் பரிவை நோயாளிக்கும் காட்டுவதற்கு நீதிமன்றம் வரவேண்டிய அவசியம் இல்லை.

மற்றபடி ராட்டினங்களை இயக்கிய இளைஞர்கள் பொறுப்பானவர்கள். ஒவ்வொரு பிள்ளையின் இடுப்புப் பட்டையையும் கையால் இழுத்துப் பார்த்த பின்னரே வண்டியை நகர்த்தினார்கள். நீர் விளையாட்டுக்கு நைலான் உடை கட்டாயம் என்பதையும் பொறுமையாக விளக்கினார்கள்.

நிர்வாகத்துக்கு நான் எழுதிய கடிதத்தில் கேட்டவை பெரியவை அல்ல. சுற்றுச்சுவருக்குள் ஒரு மூலையில் கீற்றுக் கொட்டகை போட்டு, குழாயும் குப்பைத் தொட்டியும் வைத்து, வீட்டு உணவை அங்கே மட்டும் உண்ண விடலாம். அதற்குத் தனிக் கட்டணம் கேட்டாலும் கொடுப்போம். விதிகளைச் சீட்டு விற்பதற்கு முன்பே தமிழில் பெரிய எழுத்தில் எழுதிவைக்க வேண்டும். உணவுக்கூடத்தில் இட்லியும் தயிர்சாதமும் நாள் முழுவதும் கிடைக்க வேண்டும். ஊருக்கு வரப்போகிறவர்கள் சீட்டு எடுப்பதற்கு முன் தொலைபேசியில் அழைத்து, வெளி உணவுக்கு அனுமதி உண்டா, உண்பதற்காக வெளியே வந்தவர் திரும்பவும் உள்ளே போகலாமா என்ற இரண்டையும் தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.