விராலுக்கு நான் செய்த மர லூர்கள்: மரமும் ஈயமும் குறித்த மூன்றாண்டு அனுபவம்

காரைக்குடிக்கும் தேவகோட்டைக்கும் இடைப்பட்ட கண்மாய்களில் விரால் பிடிப்பதற்காக, தண்ணீரின் மேல்மட்டத்தில் ஓடும் மர லூர்களை (மீனை ஏமாற்றும் செயற்கை இரைகளை) மூன்று ஆண்டுகளாக நானே செய்து பயன்படுத்தி வருகிறேன். இதுவரை செய்தவை 17. அவற்றில் இன்றும் தூண்டிலில் கட்டக்கூடிய நிலையில் இருப்பவை 9. மீதி எட்டும் எப்படிக் கெட்டன என்பதில்தான் நான் கற்றவற்றில் பெரும்பகுதி இருக்கிறது. அவற்றில் பெரும்பாலானவை ஒரே கேள்விக்கு நான் தவறாக விடை கண்டதால் கெட்டவை: இந்த மரம் எவ்வளவு ஈயத்தைத் தாங்கும், அந்த ஈயம் எந்த இடத்தில் இருக்க வேண்டும்?

முதல் நான்கு லூர்களைப் பர்மா தேக்கில் செய்தேன். எங்கள் பக்கத்தில் அது இயல்பாக நடப்பதுதான். பழைய வீடுகளைப் பிரிக்கும்போது கழியும் உத்தரத் துண்டுகளும் சட்டத் துண்டுகளும் எளிதாகக் கிடைக்கின்றன, நூறாண்டு காய்ந்த மரம், உளிக்கு வெண்ணெய் போல வழிவிடும், தண்ணீருக்கும் அஞ்சாது. துண்டுகளைக் கொடுத்த ஆசாரி அண்ணன் அன்றைக்கே சொன்னார்: "இது நிலைக்கும் கதவுக்கும் ஆகுற மரம் தம்பி, மிதக்க விடுறதுக்கு ஆகாது." நான் அதைக் காதில் வாங்கவில்லை. 9 செ.மீ. நீளமும் நடுவில் 2.2 செ.மீ. தடிமனும் கொண்டு இரு முனையும் குறுகிய என் லூரின் கன அளவு 21 மி.லி. வரும். காய்ந்த தேக்கு, தண்ணீரின் எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு கனக்கும். ஆகவே கட்டை மட்டுமே 14 கிராம் ஆகிவிடுகிறது. முள், கம்பி, வளையம், வண்ணம் எல்லாம் சேர்ந்து ஆறரை கிராம். மிதப்புக்கு மிஞ்சுவது ஒன்றிரண்டு கிராம்தான். வாலில் ஒரு துளி ஈயம் வைத்தாலும் லூர் முதுகு வரை அமிழ்ந்து, இழுத்தால் நீருக்கடியில் உழுதுகொண்டு வரும். ஈயமே வைக்காவிட்டால் எறியும்போது காற்றில் புரளும், தண்ணீரில் விழுந்தபின் பக்கவாட்டில் சாய்ந்து கிடக்கும். நான்கும் அப்படித்தான் வீணாயின.

அதன் பிறகு கல்யாண முருங்கைக்கு மாறினேன். வேலியோரத்தில் நின்ற மரத்தில் கைத்தடிமனுக்கு மேற்பட்ட கிளையை வெட்டி, பட்டையை உரித்து, நேர் வெயில் படாமல் நான்கு மாதம் உலர்த்தினேன். உலர்ந்தபின் அதன் எடை அதே அளவு தேக்கில் பாதிக்கும் குறைவு. அதே வடிவத்தில் கட்டை ஆறு கிராமை ஒட்டி நிற்கிறது. எல்லா உறுப்புகளையும் பூட்டிய பிறகும் எட்டு, ஒன்பது கிராம் மிதப்பு கையில் இருக்கிறது. அந்த மிச்சத்தைத்தான் நாம் ஈயமாக மாற்றி விரும்பிய இடத்தில் வைக்கிறோம். பின்லாந்தின் லவுரி ரப்பாலா 1936இல் தம் முதல் லூரைத் தக்கையில் செதுக்கியதும், பிறகு பால்சா மரத்துக்குப் போனதும் எனக்கு அப்போதுதான் பொருளாயின. லேசான மரத்தின் பயன் மிதப்பதோடு முடிவதில்லை. எங்கே அமிழ வேண்டும் என்பதை நம் கையில் விட்டுவிடுகிறது. குறையும் உண்டு. கல்யாண முருங்கை உப்புத்தாள் போட்டால் பஞ்சுபோல நார் எழும்பும், சரியாகக் காயாவிட்டால் உளுத்துவிடும். நாரை அடக்க ஒரு முறை சாண்டிங் சீலர் (மரத்தின் நுண்துளைகளை அடைக்கும் அடிப்பூச்சு) பூசிக் காயவிட்டு, நுண்ணிய உப்புத்தாளால் மீண்டும் இழைக்கிறேன்.

செதுக்கும் முறையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பழகப் பழகக் கை திருந்தும். ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்வேன். முள்ளைத் தாங்கும் வளையத்தைத் திருகாணியாக மரத்தில் இறக்காதீர்கள். மெத்தென்ற மரத்தில் திருகாணி நிற்காது, விரால் தலையை உதறும் உதறலில் பிடுங்கிக்கொண்டு போய்விடும். எனக்கு இரண்டு லூர்களில் அது நடந்தது, இரண்டு முறையும் முள் மீனோடு போய்விட்டது. வயிற்றுப் பக்கமாக நெடுக ரம்பத்தால் ஒரு பள்ளம் அறுத்து, மூக்கிலிருந்து வால் வரை ஒரே துருப்பிடிக்காத கம்பியை உள்ளே படுக்கவைத்து, இரு கலவைப் பசையால் அடைப்பதே பாதுகாப்பானது. மரம் பிளந்தாலும் மீன் கம்பியில் நிற்கும்.

ஈயத்துக்கு வருகிறேன். வீச்சுவலையில் கோக்கும் ஈயமணிகளையே பயன்படுத்துகிறேன், காய்ச்சி ஊற்றுவதில்லை. ஈயப்புகை உடம்புக்குக் கேடு. துளையில் கொஞ்சம் ஈரம் இருந்தாலும் உருகிய ஈயம் சிதறி முகத்தில் தெறிக்கும். மணியைச் சுத்தியலால் தட்டித் துளைக்கேற்ற உருளையாக்கி இறக்கினால் போதும், வேலை முடிந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட வேண்டும். சோதிப்பது எங்கள் வீட்டு வளவில், அப்பத்தாளின் பித்தளை அண்டாவில். சீலர் பூசிய கட்டையில் முள், வளையம் அனைத்தையும் மாட்டி, ஈயத்தை வயிற்றின் வெளிப்புறத்தில் ரப்பர் வளையத்தால் கட்டி மிதக்கவிட்டு, முன்னும் பின்னும் நகர்த்திப் பார்க்கிறேன். விரலால் மூக்கை அமுக்கிவிட்டால் அது எழுந்து இரண்டு ஆட்டத்தில் அதே சாய்வுக்குத் திரும்பி நிற்க வேண்டும். பக்கவாட்டில் புரட்டிவிட்டால் தானே நிமிர வேண்டும். நிமிராவிட்டால் ஈயம் போதிய ஆழத்தில் இல்லை என்று பொருள், துளையை வயிற்றின் அடிமட்டத்தை ஒட்டியே இட வேண்டும்.

இதில் நான் நெடுநாள் கவனிக்காத நுட்பம் ஒன்று உண்டு. வெளியே கட்டிய ஈயம் தன் பங்குக்குக் கொஞ்சம் தண்ணீரை விலக்குவதால் அதன் கனம் முழுவதும் லூரின் மேல் இறங்குவதில்லை. அதையே துளைக்குள் வைக்கும்போது அந்தத் தாங்கல் போய்விடுகிறது, லூரின் கன அளவும் கூடுவதில்லை. 4 கிராம் ஈயத்துக்கு இந்த வேறுபாடு ஏறத்தாழ கால் கிராம். அதற்கு மேல் வண்ணமும் மேற்பூச்சும் வேறு ஏறும். எனவே அண்டாவில் மிகச் சரியாக நின்ற லூர் கண்மாயில் ஒரு நூல் கூடுதலாகவே அமிழும். இப்போதெல்லாம் அண்டாவில் கண்ட அளவிலிருந்து அரை கிராம் குறைத்தே உள்ளே வைக்கிறேன்.

எங்கே வைப்பது என்பதில் என் முடிவு மூன்று பருவம் கழித்தே உறுதியானது. ஈயம் முழுவதையும் வால் பக்கம் வைத்தால் லூர் மூக்கைத் தூக்கிக்கொண்டு சாய்ந்து நிற்கிறது, எறிந்தால் வால் முந்திக்கொண்டு நேராகப் பறக்கிறது, தூண்டில் நரம்பைத் தளர்த்தித் தளர்த்திச் சுண்டும்போது இடமும் வலமுமாகத் தலையை வீசி நடக்கிறது. நடு வயிற்றில் வைத்தால் படுக்கையாக மிதக்கிறது. நேராக இழுக்க அழகாக இருக்கும், ஆனால் நடக்காது. வாய் குழிந்த பாப்பர் வகைக்கு இரண்டுக்கும் இடைப்பட்ட நிலையே ஏற்றது: குழியின் கீழ்ப்பாதி நீரில் இருக்க வேண்டும், அப்போதுதான் சுண்டியதும் "களுக்" என்று தண்ணீரை விழுங்கித் துப்பும். முழுவதும் வெளியே தெரிந்தால் சத்தமில்லாமல் சறுக்கிவிடும்.

விரால் காற்றை விழுங்கச் சில நிமிடங்களுக்கு ஒருமுறை மேலே வந்தே ஆக வேண்டிய மீன் என்பதால், மேல்மட்டத்து இரைமீது எப்போதும் அதற்கு ஒரு கண் உண்டு. சென்ற தை மாதத்தில் ஒரு காலை, அல்லி இலைகளுக்கு நடுவே வால்கனத்த லூரை எறிந்துவிட்டு வளையங்கள் அடங்கும் வரை அசைக்காமல் விட்டேன். லூரின் பின்பாதி நீருக்குள்ளும் மூக்கு மேலேயும் நின்றது. இரண்டடி தள்ளி ஓர் அல்லி இலை லேசாக நகர்ந்தது. ஒரே ஒரு சுண்டு, அவ்வளவுதான். தண்ணீர் குழிந்து லூர் உள்ளே போய்விட்டது. படுக்கையாக மிதக்கும் லேசான லூர்களை விரால் முட்டி மேலே எறிந்துவிடுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். பாதி உடம்பு நீருக்குள் இருக்கும் லூர் அதன் வாய்க்குள் சுலபமாகப் போகிறது என்பதே என் அனுபவம்.

பூச்சு விஷயத்தில் எங்கள் வெயில் ஒரு பாடம் கற்பித்தது. ஒரு சித்திரை மாதத்தில் காலை பத்து மணிக்கு மேற்பூச்சு அடித்துத் தாழ்வாரத்தில் தொங்கவிட்டேன். வெயில் ஏற ஏற மரத்தின் நுண்துளைகளில் இருந்த காற்று விரிந்து, காயாத பூச்சின் வழியே குமிழியாக வெளியேறி, ஊசிமுனை அளவு ஓட்டைகளை விட்டுவிட்டது. கண்ணுக்கு அவை தெரியவில்லை. நான்கு நாள் பயன்படுத்திய பின் தராசில் வைத்தபோது அந்த லூர் ஒன்றரை கிராம் தண்ணீர் குடித்திருந்தது, நடையும் நின்றுபோயிருந்தது. அதிலிருந்து மாலை நான்கு மணிக்குப் பிறகே, மரம் சூடாறும் வேளையில் மட்டும் பூசுகிறேன். அப்போது மரம் காற்றை வெளியே தள்ளாமல் பூச்சை உள்ளே இழுத்துக்கொள்கிறது. மூன்று பூச்சு, ஒவ்வொன்றுக்கும் நடுவே ஒரு நாள். வண்ணத்துக்கு நான் மெனக்கெடுவதில்லை. கரிய முதுகும் வெளிறிய வயிறும் போதும்.

மூன்று கொக்கி கொண்ட டிரெபிள் முள் சம்பிலும் ஆகாயத்தாமரையிலும் சிக்கிக்கொள்வதால், வாலில் மட்டும் மேல்நோக்கிய இரட்டை முள் வைக்கிறேன். முள்ளை மாற்றினால் எடையும் மாறும், எனவே அண்டாச் சோதனையை மறுபடி செய்துவிடுங்கள். கண்மாயில் இறங்குமுன் மீன்பாசிக் குத்தகை எடுத்தவரிடம் ஒரு வார்த்தை கேட்பதும், செந்நிறக் குஞ்சுக் கூட்டம் மேலே மொய்க்கும் இடத்தில் எறியாமல் விலகிப்போவதும் நான் விடாமல் கடைப்பிடிக்கும் வழக்கம். அங்கே காவல் நிற்கும் விரால் எதை எறிந்தாலும் பாயும். அதைத் தூக்கிவிட்டால் குஞ்சுகளுக்குக் காவல் இல்லை.

இப்போது ஒரே கிளையில் அறுத்த மூன்று கட்டைகள் சீலர் பூசிக் காய்கின்றன. ஒன்றில் 3 கிராம், ஒன்றில் 3.5, ஒன்றில் 4 என்று வாலில் இறக்கி, மூன்றையும் ஒரே நாளில் ஒரே கண்மாயில் எறிந்து பார்க்கப்போகிறேன்; ஐப்பசி மழையில் கண்மாய் பெருகி, தண்ணீர் தெளிந்த பிறகு.