என் நாய் மணிக்கு 2 வருடமாக அக்குபஞ்சர்: பார்த்ததும் புரிந்ததும்

மணி என் லாப்ரடார். 11 வயதில் அவன் பின்னங்கால்கள் தடுமாற ஆரம்பித்தன. முன்னங்கால்களை ஊன்றி, இடுப்பை இழுத்துக்கொண்டுதான் எழுவான். எக்ஸ்ரே எடுத்தால் இரண்டு இடுப்பு மூட்டிலும் தேய்மானம். வலி மாத்திரை தொடங்கினோம். அது கல்லீரலையும் சிறுநீரகத்தையும் பாதிக்கலாம் என்பதால் அவ்வப்போது ரத்தப் பரிசோதனை. அளவைக் குறைக்க வழி உண்டா என்று கேட்டபோதுதான் கால்நடை மருத்துவர் அக்குபஞ்சரைச் சொன்னார்.

முதல் நாள் எனக்குத்தான் பயம். இடுப்பிலும் முழங்காலுக்குக் கீழேயும் பத்துப் பன்னிரண்டு மெல்லிய ஊசிகள். மணி ஒரு தடவை திரும்பிப் பார்த்தான், அவ்வளவுதான். 20 நிமிடம் முடிவதற்குள் தூங்கிவிட்டான். வாரம் ஒன்றாக 6 வாரம், அப்புறம் மாதம் ஒன்று.

முதல் மூன்று வாரம் ஒன்றும் தெரியவில்லை. ஐந்தாவது வாரம் வாசற்படியைத் தானே ஏறினான். எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஆனால் அது ஊசியால்தான் என்று சத்தியம் செய்ய மாட்டேன். அதே சமயத்தில் சாப்பாட்டைக் குறைத்து 34 கிலோவிலிருந்து 31 கிலோவுக்குக் கொண்டுவந்திருந்தோம். உடல் எடையில் 6 சதவீதம் குறைந்தாலே நொண்டல் குறைவதை ஆய்வில் கண்டிருக்கிறார்கள். அக்குபஞ்சருக்கு அவ்வளவு உறுதியான ஆதாரம் இல்லை. சில ஆய்வுகளில் பலன் தெரிகிறது, சிலவற்றில் இல்லை. பாசம் வேறு நம் கண்ணை மறைக்கும். அதனால் ஞாயிறுதோறும் ஒரே இடத்தில், பின்னாலிருந்து அவன் நடையை வீடியோ எடுத்து வைத்தேன். பழையதையும் புதியதையும் அடுத்தடுத்துப் பார்த்தால்தான் உண்மை தெரிகிறது.

வலிக்கு லேசர் ஒளி சிகிச்சையும் 8 முறை கொடுத்தோம். வீடியோவில் வித்தியாசமே இல்லை, நிறுத்திவிட்டோம். தண்ணீருக்குள் ஓடும் டிரெட்மில்தான் கண்கூடாக உதவியது. தண்ணீர் இடுப்பளவு இருக்கும்போது உடல் எடையில் 40 சதவீதத்துக்கும் குறைவாகவே கால்கள் தாங்குகின்றன. வலியில்லாமல் நடந்து நடந்து தொடைச் சதை திரும்பியது. வீட்டில் வழுக்கும் தரை முழுக்க ரப்பர் பாய் விரித்தோம். இதை முதல் நாளே செய்திருக்க வேண்டும்.

இப்போது மணிக்கு 13 வயது. மருத்துவர் மாத்திரையைப் பாதியாகக் குறைத்திருக்கிறார், நிறுத்தவில்லை. நீங்களாக நிறுத்தாதீர்கள். நாம் போடும் ஐபுப்ரொஃபென் போன்ற வலி மாத்திரைகளைக் கொடுக்கவே கூடாது, நாய்க்கு விஷம். பின்னங்கால்கள் திடீரென்று இழுபட்டாலோ, சிறுநீர் தானாகக் கசிந்தாலோ அடுத்த ஊசி நாளுக்குக் காத்திருக்காதீர்கள். தண்டுவடம் நசுங்கியிருக்கலாம். அன்றே மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போங்கள்.