கூம்புக்குச் சிவப்புத் தொப்பி: கடையில் பதினோரு வருட லினக்ஸ் அனுபவம்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் டி.டி.பி., ஜெராக்ஸ், வீடியோ எடிட்டிங் எல்லாம் சேர்ந்த சின்னக் கடை என்னுடையது. 2014 ஏப்ரல் 8-ஆம் தேதியோடு விண்டோஸ் எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவை நிறுத்தியது. கடையில் இருந்த நான்கு சிஸ்டமும் எக்ஸ்பிதான். புதிதாக வாங்கக் கையில் காசில்லை, அந்த வருடமே விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் 17 என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டேன். அன்றிலிருந்து கடை முழுக்கக் கட்டற்ற மென்பொருள்தான். வேகம், தமிழ்த் தட்டச்சு, வைரஸ் தொல்லை இல்லாதது பற்றியெல்லாம் நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். எனக்கும் அவற்றில் பெரிய குறை இல்லை. பழைய பிரிண்டர் ஒன்றுக்கு மட்டும் ஒரு வாரம் அலைந்தேன். நான் எழுத நினைப்பது, இந்த மென்பொருள்களில் நாம் கேட்காமலேயே வந்து நிற்கும் குறும்பு விளையாட்டுகளைப் பற்றி.

2016 டிசம்பர் 26. தேவனாம்பட்டினம் பக்கத்தில் ஒரு மீனவ கிராமத்தில் சுனாமி நினைவு நாள். 2004-ல் கடலூர் மாவட்டத்தில் மட்டும் 600 பேருக்கு மேல் இறந்தார்கள். ஒவ்வொரு வருடமும் காலையில் கடலில் பால் ஊற்றிப் பூப் போடுவார்கள். அந்த வருடம் சாயங்காலம், இறந்தவர்களின் படங்களைத் திரையில் காட்ட வேண்டும் என்று ஊர்ப் பஞ்சாயத்தார் கேட்டார்கள். ரேஷன் கார்டிலிருந்தும் பள்ளிக்கூட குரூப் போட்டோவிலிருந்தும் முகங்களை வெட்டி எடுத்து, பெரிதாக்கி, பெயர் போட்டு, பன்னிரண்டு நிமிட வீடியோவாகச் செய்தேன். காசு வாங்கவில்லை.

இரண்டு சவுக்குக் கட்டைக்கு நடுவே வெள்ளை வேட்டி கட்டி, புரொஜெக்டர் வைத்து, வி.எல்.சி. என்ற வீடியோ ஓட்டும் மென்பொருளில் ஓட்டினேன். யாரும் பேசவில்லை. கடைசிப் படம் மூன்று வயதுக் குழந்தை. அது முடிந்ததும் வி.எல்.சி. தன் வழக்கப்படி முழுத்திரையிலிருந்து வெளியே வந்து, நடுவில் தன் சின்னமான ஆரஞ்சுக் கூம்பைக் காட்டியது. கூம்பின் தலையில் வெள்ளைக் குஞ்சம் வைத்த சிவப்புக் கிறிஸ்துமஸ் தொப்பி.

முன்வரிசையில் ஒரு பையன், "அண்ணே, அது என்னா தொப்பி?" என்று கேட்டான். நான் லேப்டாப்பை மூடினேன். அந்தக் குழந்தையின் அம்மா இன்னும் திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அங்கே யாரும் என்னைத் திட்டவில்லை. முன்னாடியே ஓட்டிப் பார்த்து வைக்காதது என் தவறுதான். ஆனால் அன்றைக்கு வீட்டுக்கு வந்து தூக்கம் வரவில்லை.

அந்தத் தொப்பி எங்கிருந்து வருகிறது என்று தேடினேன். நிரலில் ஒரே ஒரு நிபந்தனைதான்: வருடத்தின் 354-வது நாள் வந்துவிட்டால் தொப்பி. அதாவது டிசம்பர் 20 வாக்கில் தொடங்கி 31 வரை. அந்த நாளுக்கு நிரலில் வைத்த பெயரிலேயே 'ஜோக்' என்ற சொல் இருக்கிறது. அணைக்கவும் வழி உண்டு. விருப்பங்களில் எல்லா அமைப்புகளையும் காட்டச் சொல்லி, முகப்பு, முதன்மை முகப்புகள், கியூட்டி என்று உள்ளே உள்ளே போனால், ஐகான் தானாக மாறலாமா என்று ஒரு டிக் இருக்கும். அதில் கிறிஸ்துமஸ் என்றோ தொப்பி என்றோ ஒரு வார்த்தை கிடையாது. தெரிந்தவன்தான் கண்டுபிடிக்க முடியும்.

இங்கே இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். வி.எல்.சி. மேல் எனக்குக் கோபம் இல்லை. 1996-ல் பாரிஸ் பக்கத்து எகோல் சென்ட்ரல் கல்லூரி மாணவர்கள் தொடங்கியது அது. 2001-ல் ஜி.பி.எல். என்ற கட்டற்ற உரிமத்தில் எல்லோருக்கும் கொடுத்துவிட்டார்கள். அந்தக் கூம்பே, மாணவர்கள் சேர்த்து வைத்திருந்த போக்குவரத்துக் கூம்புகளின் நினைவாக வந்ததுதான். விளம்பரம் சேர்த்தால் கோடிக்கணக்கில் தருகிறோம் என்று வந்தவர்களை அதன் தலைவர் ழான்-பத்தீஸ்த் கெம்ப்ஃப் திருப்பி அனுப்பியவர். எந்தக் கல்யாண வீடியோவைக் கொண்டுவந்தாலும் என் கடையில் முதலில் திறப்பது அதுதான். ராத்திரி கண் விழித்துச் சும்மா எழுதித் தருகிறவர்கள் வருடத்தில் பன்னிரண்டு நாள் ஒரு தொப்பி வைத்துச் சந்தோஷப்படுவதை நான் எப்படித் தப்பென்று சொல்வேன்?

இந்தச் சண்டை எங்கும் இருக்கிறது. "பிடிக்கலன்னா அணைச்சிக்கோ, காசா குடுத்தே?" என்று ஒரு பக்கம். "யார் கேட்டா இதை?" என்று இன்னொரு பக்கம். ரொம்ப நாள் நானும் இதில் எந்தப் பக்கம் நிற்பது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். தெளிவு கிடைத்தது என் அக்கா மகனால்.

அவன் புதுச்சேரி லாஸ்பேட்டையில் இருக்கிறான், சர்வர் பார்க்கும் வேலை. அங்கே அன்சிபிள் என்று ஒன்றைப் பயன்படுத்துகிறார்கள். 2012-ல் வந்தது, ஒரே நேரத்தில் நூறு சர்வருக்கு வேலை சொல்லலாம். அதே மெஷினில் கவ்சே என்ற சின்ன நிரல் இருந்துவிட்டால், அன்சிபிள் செய்யும் ஒவ்வொரு வேலையின் பெயரையும் எழுத்துகளால் வரைந்த ஒரு மாடு சொல்வதுபோலக் காட்டும். யாரும் இயக்க வேண்டாம், அதுவாகவே வரும். யாரோ விளையாட்டாகக் கவ்சேயை நிறுவியிருக்கிறார்கள். அன்று இரவு வேலையின் பதிவு முழுக்க மாடு. அது அப்படியே வாடிக்கையாளருக்கு மெயிலில் போயிருக்கிறது. "மாமா, சர்வரை யாராவது ஹேக் பண்ணிட்டாங்களான்னு கேட்டாங்க மாமா" என்றான். கோப்பில் 'நோகவ்ஸ்' என்று ஒரு வரி சேர்த்தால் மாடு போய்விடும். சேர்த்துவிட்டான். ஆனால் தனியாக உட்கார்ந்து வேலை செய்யும்போது அந்த மாடு வந்தால் அவனுக்குப் பிடிக்கும் என்றும் சொன்னான்.

அப்போதுதான் எனக்குப் பிடிபட்டது. விசைப்பலகை முன்னால் உட்கார்ந்திருப்பவன் கண்ணுக்கு மட்டும் படுகிற விளையாட்டு வேறு, அவனைத் தாண்டி மூன்றாவது ஆளிடம் போய் நிற்கிற விளையாட்டு வேறு. முதலாவதை அவன் ரசிக்கலாம், அணைக்கலாம். மூன்றாவது ஆளுக்கு எது ஜோக், எது கோளாறு என்றே தெரியாது. அணைக்கும் பொத்தான் அவர் கையில் இல்லை.

கடையில் நடந்ததையே சொல்கிறேன். கம்ப்யூட்டர் சும்மா இருக்கும்போது திரையில் அசையும் படங்களைக் காட்டும், 1992 முதல் இருக்கும் எக்ஸ்ஸ்கிரீன்சேவரை ஒரு சிஸ்டத்தில் போட்டிருந்தேன். அருமையான வேலை. ஒவ்வொரு அசைவும் பார்த்துக்கொண்டே இருக்கலாம். மாற்றி மாற்றிக் காட்டும்படி விட்டிருந்தேன். அதில் ஒன்று, கம்ப்யூட்டர் செத்துப்போனதுபோல நீலத் திரை காட்டும். முதியோர் உதவித்தொகைக்கு விண்ணப்பம் அடிக்க வந்த பெரியவரை உட்கார வைத்துவிட்டு டீ வாங்கப் போனேன். திரும்பி வந்தால் திரை நீலம், வரிசை வரிசையாக வெள்ளை எழுத்து. பெரியவர் நாற்காலியை விட்டு எழுந்து, இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கிறார். "நான் ஒண்ணும் தொடலப்பா" என்றார். ஒரு விசையைத் தட்டியதும் விண்ணப்பம் அப்படியே வந்தது. அவருக்கு நடுக்கம் நிற்கக் கொஞ்ச நேரம் ஆனது. அன்றே அந்த ஒன்றை மட்டும் எடுத்துவிட்டேன், மற்றதெல்லாம் இன்னும் ஓடுகிறது.

சத்தமில்லாமல் சரிசெய்த கதையும் உண்டு. லினக்ஸில் உதவிப் பக்கங்களைக் காட்டும் மேன்-டிபியில், சரியாக நள்ளிரவு 12:30-க்கு ஒரு குறிப்பிட்ட விதத்தில் இயக்கினால் பழைய பாட்டு ஒன்றின் வரி வரும்படி 2011-ல் வைத்திருந்தார்கள். 2017-ல் ஒருவருடைய தானியங்கிச் சோதனை அந்த நேரத்தில் தோற்றுப்போக, என்ன ஏது என்று கேட்டார். பராமரிப்பவர் ஒளிக்காமல் ஒப்புக்கொண்டு எடுத்துவிட்டார். 2018 கிறிஸ்துமஸ் அன்று இணையத்தளங்களுக்குப் பொத்தான் போன்றவற்றைத் தயாராகத் தரும் சீனாவின் ஆன்ட் டிசைனில் நடந்தது இதைவிடப் பெரிது. அதை வைத்துக் கட்டிய தளங்களில், அரசுத் தளங்கள் உட்பட, பொத்தான்கள் மேல் திடீரென்று பனி. முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் எனக்கு வருத்தம், பனி அல்ல.

எனக்குப் பிடித்த முறை, ஆர்ச் லினக்ஸில் மென்பொருள்களை நிறுவித் தரும் பேக்மேன் என்ற நிரலில் இருக்கிறது. அமைப்புக் கோப்பில் 'ஐலவ்கேண்டி' என்று எழுதினால், நிறுவும்போது வேலை எவ்வளவு முடிந்தது என்று காட்டும் கோட்டை, அதே பெயருள்ள பழைய வீடியோ கேமின் பேக்மேன் பொம்மை தின்றுகொண்டே போகும். எழுதாவிட்டால் வராது. விரும்பித் தேடிப் போகிறவனுக்குத்தான் அது.

இருந்தாலும், எல்லா விளையாட்டையும் ஒளித்து வைத்துவிட வேண்டும் என்று சொல்ல மாட்டேன். வீட்டு லேப்டாப்பில், லினக்ஸுக்குத் திரை முகப்பைத் தரும் கே.டி.இ. பிளாஸ்மா இருக்கிறது. 2024-ல் வந்த 6.1-ல், மவுஸை வேகமாக ஆட்டினால் அம்புக்குறி பெரிதாகும். கண்புரை ஆபரேஷன் செய்த அப்பா அதை ஆட்டி ஆட்டிச் சிரிக்கிறார். "எங்க போச்சு இது" என்று என்னைக் கூப்பிடுவதும் நின்றுவிட்டது. அவரே அமைப்புகளுக்குள் போய் அதை இயக்கியிருக்க மாட்டார். இயங்கிய நிலையில் வந்ததால்தான் அவருக்குக் கிடைத்தது.

அதனால் நிரல் எழுதுகிறவர்களிடம் நான் கேட்பது சின்ன விஷயம். அடுத்தவர் முன்னால் காட்டப்படும் இடம் என்றால் ஜோக்கை அணைத்த நிலையில் கொடுங்கள். இல்லை, இயக்கித்தான் கொடுப்போம் என்றால், பொத்தானுக்கு அதன் சொந்தப் பெயரை வையுங்கள், 'கிறிஸ்துமஸ் தொப்பி' என்றே. பயன்படுத்துகிறவர்களிடமும் ஒன்று: இலவசமாகக் கொடுத்தவரைக் கெட்ட வார்த்தையில் எழுதுவதற்கு முன்னால், நடந்தது என்ன, யார் முன்னால் நடந்தது என்று நான்கு வரி எழுதுங்கள். நீலத் திரை முன் கை கட்டி நின்ற பெரியவரைப் பற்றிப் படித்தால் எந்த நிரலாளருக்கும் புரியும்.

இப்போது வெளியே கொண்டுபோகும் லேப்டாப்பில் ஐகான் மாறும் டிக்கை எடுத்துவிட்டேன். வீடியோ முடிந்ததும் தானாக மூடிக்கொள்ளும்படி, 'பிளே அண்டு எக்ஸிட்' என்ற தெரிவோடுதான் வி.எல்.சி.யைத் திறப்பேன். பின்னணிப் படத்தையும் வெறும் கறுப்பாக வைத்துவிட்டேன். வீட்டு லேப்டாப்பில் தொப்பி இருக்கிறது. டிசம்பர் பிறந்ததும் எப்போது வரும் என்று மகள் கேட்க ஆரம்பித்துவிடுவாள்.

2017 டிசம்பர் 26 அன்று அதே ஊருக்கு மறுபடி போனேன். குழந்தையின் படம் வந்தது, மறைந்தது. வேட்டித் திரை கறுத்தது. அலைச் சத்தம் மட்டும் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து அந்த அம்மா எழுந்து வந்து, "இன்னொரு தடவை போடுப்பா" என்றார். போட்டேன்.