சேவலா, நாயா, கூடா: மேயும் கோழிக்கு எது காவல்?

"பெட்டை பத்து வச்சிருக்கீங்க, சேவல் ஒண்ணு விடுங்க. பருந்து கிட்டயே வராது" என்றார் பக்கத்துத் தோட்டக்காரர். எதிர்வீட்டுத் தம்பியோ, "நாய் இருக்குற வீட்டுல சேவலுக்கு என்னண்ணே வேலை? கறிக்குத்தான்" என்றான். தேவகோட்டைப் பக்கம் கோழி வளர்க்கிறவர்கள் எல்லோரும் இந்த இரண்டு கட்சிகளில் ஏதாவது ஒன்றில் இருப்பார்கள். நான் இரண்டையும் வைத்துப் பார்த்துவிட்டேன். கினிக்கோழிகூட ஒரு ஜோடி வந்து போய்விட்டது.

சேவலால் முடியுமா என்று கேட்பதற்கு முன் யாரிடமிருந்து என்று கேட்க வேண்டும். நாட்டுக்கோழியில் சின்ன இனமான சிறுவிடைச் சேவல் ஒன்றரை, இரண்டு கிலோ இருக்கும். வல்லூறு கால் கிலோகூடத் தேறாது, பருந்து ஒரு கிலோவுக்குள். இரண்டும் குறிவைப்பது குஞ்சுகளைத்தான். கீரி ஒன்றரைக் கிலோ வரை வரும், கிட்டத்தட்டச் சேவல் எடை. ஆனால் அதற்குப் பல் இருக்கிறது. தெருநாய் பதினைந்து கிலோ. நாலு நாய் சேர்ந்து வந்தால் சேவல் செய்யக்கூடியது ஒன்றுதான்: வேலிமேல் ஏறிக் கத்துவது.

அந்தக் கத்தலைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். சேவலின் அசல் வேலை அதில்தான் இருக்கிறது. வானத்தில் பருந்தைக் கண்டால் மெல்லிய, நீண்ட விசில் மாதிரி ஓர் ஒலி. தரையில் கீரியையோ நாயையோ கண்டால் விட்டு விட்டுக் கொக்கரிக்கும் சத்தம். பீட்டர் மார்லர், கிறிஸ்டோபர் எவன்ஸ் போன்ற ஆய்வாளர்கள் 1980களிலும் 90களிலும் இதைச் சோதித்திருக்கிறார்கள். பருந்து எதுவும் இல்லாமல், பதிவுசெய்த விசிலை மட்டும் போட்டுக் காட்டினாலே பெட்டைகள் மறைவுக்கு ஓடிப் பதுங்குகின்றன. தரை எச்சரிக்கையைப் போட்டால் கழுத்தை நீட்டி நிமிர்ந்து நின்று சுற்றிலும் பார்க்கின்றன. இன்னொரு வேடிக்கை, தனியாக இருக்கும் சேவல் பருந்தைக் கண்டால் பெரும்பாலும் வாயைத் திறப்பதில்லை. பக்கத்தில் பெட்டை இருந்தால்தான் அதிகம் கத்துகிறது. ஆம்பளைப் புத்தி என்று அப்பத்தா சிரித்திருப்பார்.

சரி, விசில் அடித்தாயிற்று. கோழி எங்கே ஓடும்? நம் ஊர்ச் சிக்கல் இங்கேதான் ஆரம்பம். கண்மாய்க் கரையிலிருந்து கொல்லை வரை சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கிறது. பருந்து உள்ளே இறங்க முடியாத முள்ளுப் புதர் என்பதால் கோழிக்கு அது நல்ல மறைவு. அதே புதர்தான் கீரிக்கு வீடு. முதல் வருஷம் என் பெட்டைகளில் மூன்று போனது பட்டப்பகலில், புதர் ஓரத்தில். மூன்று முறையும் சேவல் கத்தியது எனக்குக் கேட்டது. மேலே பார்த்துக் கத்தி, கீழே இருப்பவனிடம் அனுப்பி வைத்திருக்கிறது. அதன் மேல் குற்றம் இல்லை, மறைவு என்று அங்கே வேறு எதுவும் இல்லையே!

அப்புறம் கொல்லையில் இருபதடிக்கு ஒரு மறைவாக, நாலு நாலு கம்பு நட்டு, மேலே தென்னங்கீற்றுத் தட்டி போட்டேன். இடுப்பளவு உயரம், நாலு பக்கமும் திறப்பு. மேலிருந்து மறைவு, பக்கவாட்டில் கீரி வந்தால் தெரிந்துவிடும். வீட்டைச் சுற்றி முப்பதடிக்குப் புதரையும் வெட்டினேன். சேவல் அதே சேவல்தான், ஆனால் அதன் விசிலுக்கு அதன் பிறகுதான் பலன் கிடைத்தது. தட்டி போடாத இடத்தில் சேவலை நம்புகிறவர்கள் பாதி விஷயத்தைத்தான் நம்புகிறார்கள்.

சண்டை போடுமா என்றால், போடும். ஒரு மத்தியானம் கீரியை எதிர்த்து அது பாய்ந்ததைப் பார்த்தேன். கால் முள்ளால் இரண்டு அடி. கீரி பின்வாங்கி, சுற்றிக்கொண்டு மறுபக்கமாக வந்தது. நான் கம்போடு ஓடி வருவதற்குள் சேவலின் கழுத்தில் கடி. மஞ்சளும் வேப்பெண்ணெயும் போட்டும் மூன்றாம் நாள் செத்துப்போனது. பெட்டை ஒன்றுகூடப் போகவில்லை. சேவல் வாங்கித் தருவது அந்த இரண்டு நிமிஷத்தைத்தான். அதற்குள் ஓடிவர ஆள் வேண்டும். சரி, கீரிக்குப் பொறியோ விஷமோ வைக்கலாமே என்றால், வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் காக்கும் உயிர் அது. அந்த யோசனையே வேண்டாம்.

பெரிய இனமான பெருவிடைச் சேவல் வை, கீரியைக் கிழித்துவிடும் என்பார்கள். நாலு கிலோவுக்கு மேல் வளரும், உண்மைதான். ஆனால் சண்டைக்கு வளர்க்கும் அந்தக் கட்டுச் சேவலுக்கு இருக்கும் விலைக்கு, அதைக் காக்க நாம் ராத்திரி முழித்திருக்க வேண்டும்.

பகலில் நாயும் சேவலும் ஒரே வேலையைச் செய்யவில்லை. நாய்க்கு வானம் கணக்கிலேயே கிடையாது. பருந்து குஞ்சைத் தூக்கிப் போனபோது என் நாய் வாலை ஆட்டிக்கொண்டிருந்தது. ஆனால் கீரி, தெருநாய், பாம்பு எதுவும் அதைத் தாண்டி வருவது கஷ்டம். நிபந்தனை ஒன்று உண்டு: குட்டியிலிருந்தே கோழிகளோடு வளர்ந்ததாக இருக்க வேண்டும். சிப்பிப்பாறை, கன்னி போன்றவை முயல் விரட்டப் பிறந்தவை. சிறகடித்து ஓடும் எதையும் துரத்தத் தோன்றும். கோழிக் காவலுக்கு ஊர் நாட்டுநாயே போதும்.

கினிக்கோழி பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பருந்துக்கும் கத்தும், தபால்காரருக்கும் கத்தும், பிளாஸ்டிக் பை பறந்தாலும் கத்தும். ஒரு மாதத்தில் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை, கோழிகள் உட்பட.

குஞ்சுகளுக்கு மட்டும் கணக்கே வேறு. சேவல் குஞ்சைப் பெரிதாகக் கண்டுகொள்ளாது. பருந்தை நோக்கிச் சிறகை விரித்து எம்பிப் பாய்வது தாய்க்கோழிதான். சிறுவிடைப் பெட்டை இதில் கெட்டிக்காரி. அப்படியும் முதல் மூன்று வாரம் பகலில் பாதி நேரம் பஞ்சாரத்தில் கவிழ்த்து வைப்பதே நல்லது. கொல்லையில் உயரமான மரத்தில் கரிச்சான் கூடு கட்டியிருந்தால் அந்தக் கோடையில் உங்களுக்கு அதிர்ஷ்டம். அந்த இரட்டைவால் குருவி காக்காயையும் பருந்தையும் தலையில் கொத்தி விரட்டும். சம்பளம், தீனி எதுவும் கிடையாது.

ராத்திரிக்கு வருவோம். இருட்டினால் சேவலுக்குக் கண் சரியாகத் தெரியாது. பெட்டைகளோடு சேர்ந்து அதுவும் கிளையில் அசையாமல் உட்கார்ந்திருக்கும், மரநாய்க்குத் தட்டில் வைத்த மாதிரி. பூட்டிக் கிடக்கும் பெரிய வீடுகள் எங்கள் தெருவிலேயே ஆறு. அவற்றின் மேல்மாடத்தில் மரநாய்தான் இப்போது குடியிருக்கிறது. நாயாலும் மரம் ஏற முடியாது. இங்கே சேவல் கட்சி, நாய் கட்சி இரண்டும் தோற்றுக் கூடுதான் ஜெயிக்கிறது. தரையிலிருந்து இரண்டடி உயரம், சின்னக் கண்ணுள்ள கம்பிவலை, தாழ்ப்பாள். கீரி நுழையும் சந்து நம் கைமுட்டி அளவு இருந்தால் போதும் என்பதால் மூலைகளைத் தடவிப் பார்க்க வேண்டும். அந்தியில் குருணையை அள்ளிப் போட்டு 'பா பா' என்று கூப்பிட்டு அடைத்தால் பத்து நிமிஷ வேலை.

ஒன்றுதான் வைக்க முடியும் என்றால் கூட்டுக்குத்தான் காசைப் போடுவேன். அடுத்து நாய். சேவல் மூன்றாவது, அதுவும் தட்டியோடு சேர்த்து. குஞ்சு பொரிக்க வேண்டுமென்றால் சேவல் எப்படியும் வேண்டும், காவல் அதில் கொசுறு. எட்டுப் பத்துப் பெட்டைக்கு ஒன்று போதும். நான் இரண்டாவதாக ஒன்று விட்டுப் பார்த்தேன். இரண்டும் வானத்தைப் பார்க்காமல் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருந்தன. அதில் ஒன்றை ஆடி மாதம் கருப்பருக்கு நேர்ந்துவிட்டிருக்கிறோம்.