ஒரு துளையா, மூன்று துளையா?

போன வாரம் செங்காங்கிலிருந்து தங்கை போன் செய்தாள். சினைப்பையில் 7 சென்டிமீட்டர் நீர்க்கட்டி, எடுத்துவிடுவது நல்லது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். "அக்கா, உனக்கு மூணு ஓட்டை போட்டாங்கல்ல? எனக்குத் தொப்புள்ல ஒண்ணே ஒண்ணு போதுமாம்" என்றாள். குரலில் லேசான பெருமை வேறு. ஆறு வருஷத்துக்கு முன் எனக்கும் இதே கட்டிதான். அப்போதிருந்து இந்த விஷயத்தை நோண்டிக்கொண்டே இருக்கிறேன். அவளிடம் போனில் அவசரமாகச் சொன்னதை இங்கே நிதானமாக எழுதுகிறேன்.

வயிற்றைத் திறந்து செய்வதை முதலில் முடித்துவிடலாம். அம்மாவுக்குக் கர்ப்பப்பையை எடுத்தது அப்படித்தான். அடிவயிற்றில் முக்கால் சாண் தழும்பு, மருத்துவமனையில் ஐந்து நாள், பழையபடி நடமாட ஆறு வாரம். கட்டி மிகப் பெரிது, புற்றுநோயாக இருக்குமோ என்ற பலத்த சந்தேகம், உள்ளுறுப்புகள் ஒன்றோடொன்று கடுமையாக ஒட்டிக்கிடப்பது, இப்படிப்பட்ட நிலைகளில் இன்றைக்கும் அதற்கு வேலை இருக்கிறது. மற்றவர்களுக்குப் பெரும்பாலும் கேள்வி துளைகளின் எண்ணிக்கை பற்றியதுதான்.

வழக்கமான நுண்துளை அறுவையில் (லேப்ராஸ்கோப்பி) மூன்று அல்லது நான்கு துளைகள், ஒவ்வொன்றும் 5 முதல் 12 மில்லிமீட்டர். கேமரா ஒன்றில், கருவிகள் மற்றவற்றில். ஒற்றைத் துளை முறையில் தொப்புளுக்குள்ளேயே 2 சென்டிமீட்டர் அளவில் ஒரு கீறல், கேமரா கருவி எல்லாம் அதன் வழியாகவே போகும். இது ஏதோ நேற்று வந்த புதுமை என்று நினைக்க வேண்டாம். 1970களிலேயே பெண்களுக்குக் கருத்தடை அறுவையை ஒரே துளை வழியாகச் செய்திருக்கிறார்கள். 1980இல் ஜெர்மனியின் குர்ட் செம் நுண்துளை வழியாகக் குடல்வாலை எடுத்தபோது சக மருத்துவர்களே அவர்மேல் பாய்ந்தார்கள். அவர் மகப்பேறு மருத்துவர் என்பது எனக்குப் பிடித்த தகவல்.

சரி, ஒரே துளையில் என்ன சிரமம்? உணவங்காடியில் வாங்கிய நூடல்ஸ் டப்பாவின் மூடியில் ஒரு ஓட்டை போட்டு, இரண்டு சாப்ஸ்டிக்கையும் அதன் வழியே விட்டுச் சாப்பிட்டுப் பாருங்கள். குச்சிகள் ஒன்றையொன்று இடிக்கும். வேறு வேறு பக்கத்திலிருந்து வந்து ஒரு பொருளைப் பிடிக்கும் வசதி போய்விடுகிறது. அதனால்தான் வளைந்த கருவிகள், தனிப் பயிற்சி, கூடுதல் நேரம் எல்லாம் தேவைப்படுகின்றன. ஒரு லாபமும் உண்டு: துளையின் வாய் சற்று அகலமாக இருப்பதால் கட்டியையோ பித்தப்பையையோ பைக்குள் போட்டு வெளியே எடுப்பது சுலபம்.

வலி பாதியாகிவிடும் என்று தங்கை நம்பிக்கொண்டிருந்தாள். அப்படி இல்லை. இரண்டு முறைகளையும் ஒப்பிட்ட ஆய்வுகள் பெரும்பாலானவற்றில் வலியில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. தோள்பட்டை வலி இரண்டிலும் வரலாம், ஏனென்றால் இரண்டிலுமே வயிற்றைக் கரியமில வாயுவால் உப்ப வைக்கிறார்கள். மிஞ்சிய வாயு உதரவிதானத்தை உறுத்த, வலி தோளில் தெரிகிறது. "எல்லாம் வாய்வுடி" என்று அம்மா சொன்னபோது சிரித்தேன். இந்த ஒரு தடவை அவர் சொன்னது சரி. ஆனால் அதற்காக எனக்கு உருளைக்கிழங்கை நிறுத்தியது அநியாயம்.

உண்மையான வித்தியாசம் தழும்பில்தான். புடவை கட்டுகிற நமக்கு அது சின்ன விஷயமில்லை, ஒப்புக்கொள்கிறேன். அதிலும் காயம் பட்ட இடமெல்லாம் தடித்து வளர்கிற உடம்பு என்றால், துளை குறைவது பெரிய ஆறுதல். ஆனால் என் மூன்றில் ஒன்று தொப்புளுக்குள், மற்ற இரண்டையும் இப்போது தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். இன்னொரு பக்கம், தொப்புளில் கீறல் பெரிதாவதால் பின்னாளில் அங்கே குடலிறக்கம் வரும் வாய்ப்பு சற்றுக் கூடுதல். பத்துக் கிலோ அரிசி மூட்டையைக் கொஞ்ச காலம் வேறு யாராவது தூக்கட்டும்.

என்னைக் கேட்டால், நீர்க்கட்டி, குடல்வால், பித்தப்பைக் கல் ஆகியவற்றுக்கு ஒரு துளை தாராளமாகப் போதும், செய்பவர் அதில் பழகியவராக இருந்தால். கர்ப்பப்பைத் தசையில் வளரும் ஃபைப்ராய்டு கட்டிகள் பலவற்றை எடுத்துக் கர்ப்பப்பையை உள்ளேயே அடுக்கடுக்காகத் தைக்க வேண்டும் என்றாலோ, கர்ப்பப்பையின் உள்சவ்வு போன்ற திசு வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸ் குடல்வரை ஒட்டியிருந்தாலோ நான் மூன்று துளையையே கேட்பேன். அங்கே அழகைவிடக் கை சுதந்திரமாக இயங்குவது முக்கியம். கர்ப்பப்பையையே எடுப்பதானால் பிறப்புவழியாக, வயிற்றில் ஒரு கீறல்கூட இல்லாமல் செய்யவும் முடியும். எல்லாருக்கும் பொருந்தாது, ஆனால் கேட்டு வைக்கலாம்.

அப்புறம் பணம். சிங்கப்பூரில் நம் மருத்துவச் சேமிப்புக் கணக்கான மெடிசேவிலிருந்து அறுவைக்கு எடுக்கும் தொகையின் வரம்பு சிகிச்சையின் சிக்கலைப் பொறுத்தது, 250 முதல் 7,550 வெள்ளி வரை. ஒற்றைத் துளைக்கான தனிக் கருவிகளின் செலவு எதில் சேரும் என்று தனியார் மருத்துவமனையில் முன்கூட்டியே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். சுகாதார அமைச்சின் இணையத்தளத்தில் அந்தந்தச் சிகிச்சைக்கான கட்டண அளவுகளும் இருக்கின்றன. பலதுறை மருந்தகம் (பாலிகிளினிக்) வழியாக மானியத்தில் போனால் செலவு வெகுவாகக் குறையும், ஆனால் மருத்துவரை நீங்கள் தேர்ந்தெடுக்க முடியாது. ஒரு துளைதான் வேண்டும் என்று அடம்பிடிப்பவர்கள் யோசிக்க வேண்டிய இடம் இது.

தங்கையிடம் இரண்டு கேள்விகளை எழுதிக் கொடுத்தனுப்பினேன். இதை ஒரு துளையில் எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள்? நடுவில் சிரமமானால் என்ன செய்வீர்கள்? முதல் கேள்விக்கு டாக்டர் தயங்காமல் பதில் சொன்னாராம். இரண்டாவதற்கு, "இன்னொரு துளை போடுவேன், அதில் எனக்குக் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை" என்றாராம். ஒப்புதல் படிவத்திலும் அது இருந்தது. அங்கேயே கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிட்டாள்.